டிரோன் சீரியல் போர்ட்டோடு மல்லுக்கட்டிய கதைகள்: நம்ம நெல்லைப் பக்கத்து அனுபவங்கள்

பாளையங்கோட்டையிலிருந்து:

பிசானப் பருவ நெல்லுக்கு மருந்து அடிக்கிற 10 லிட்டர் டிரோன் ஒன்றைச் சேரன்மகாதேவிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் என் பட்டறையில் கொண்டுவந்து விட்டார். உயரம் பார்க்க லைடார், அதாவது ஒளியை அனுப்பி அது திரும்புவதை வைத்துத் தூரம் அளக்கும் சென்சார், பொருத்த வேண்டும். பயிருக்கு மேலே ஒரே உயரத்தில் போனால்தான் மருந்து சீராக விழும். பாரோமீட்டரை மட்டும் நம்பினால் காற்றழுத்தம் மாற மாற உயரமும் நழுவும். சென்சார் டிஎஃப்மினி வகை, டிரோனைப் பறக்கவைக்கும் போர்டு பிக்ஸ்ஹாக், அதன் உள்ளே ஓடும் மென்பொருள் ஆர்டுபைலட். ஒரு மணி நேர வேலை என்று உட்கார்ந்தேன், மூன்று நாள் இழுத்துவிட்டது.

சென்சாரை போர்டின் டெலிம் 2 என்ற சீரியல் போர்ட்டில், அதாவது வயர் வழியே பிட் பிட்டாகத் தகவல் போய்வரும் இடத்தில், செருகினேன். அந்த போர்ட் முதலிலேயே மேவ்லிங்க் என்ற டிரோன் தகவல் மொழியைப் பேசத்தான் அமைந்திருக்கும். ஆனால் சென்சார் பேசுவது வேறு மொழி, வேகம் நொடிக்கு 115200 பிட். அதனால் மிஷன் பிளானர் என்ற அமைப்பு மென்பொருளில் சீரியல் 2-இன் (டெலிம் 2-க்கு அங்கே அதுதான் பெயர்) புரோட்டோகாலை, அதாவது பேசும் மொழியை, ரேஞ்ச்ஃபைண்டர் எனும் தூரம் அளக்கும் சென்சாருக்கான 9 ஆக்கினேன், வேகமான பாட் ரேட்டை 115 ஆக்கினேன்; 115200-ஐ அங்கே அப்படித்தான் சுருக்கிக் கொடுப்பது. ரேஞ்ச்ஃபைண்டர் வகைக்கு டிஎஃப்மினிக்கான 20-ஐக் கொடுத்தேன். போர்டை அணைத்துத் திரும்பவும் போட்டேன்; அப்படிச் செய்தால்தான் புது மதிப்பை போர்ட் எடுத்துக்கொள்ளும். எல்லாம் சரிதான். ஆனால் உயரம் வரவில்லை, டிரோன் ஆர்ம் ஆகவும், அதாவது மோட்டாரை ஓட்டத் தயாராகவும், மறுத்தது.

இரண்டு நாள் திரையிலேயே கிடந்தேன். வேகத்தை மாற்றிப் பார்த்தேன், டெலிம் 1-க்கு மாற்றினேன், ஃபர்ம்வேரைக்கூடப் புதிதாக ஏற்றினேன். மூன்றாம் நாள் காலையில்தான், போர்டை ஒதுக்கி வைத்துவிட்டு சென்சார் தனியாகப் பேசுகிறதா என்று பார்க்கத் தோன்றியது.

சீரியலை லேப்டாப்பில் பார்க்க உதவும் யூஎஸ்பி-டிடிஎல் கன்வெர்ட்டர் ஒன்றில், சென்சாரின் பச்சை வயரைத் தகவல் வாங்கும் பின்னான ஆர்எக்ஸில் கொடுத்தேன், கிரவுண்டைச் சேர்த்தேன், 5 வோல்ட் கொடுத்தேன். லேப்டாப்பில் 115200 வைத்து, பதினாறின் கணக்கான ஹெக்ஸில் பார்த்ததும் 59 59, 59 59 என்று மழை மாதிரி கொட்டியது. ஒவ்வொரு முறையும் ஒன்பது பைட். முதல் இரண்டும் 59, அடுத்த இரண்டும் தூரம். சுவரிலிருந்து ஒரு மீட்டரில் சென்சாரைப் பிடித்தபோது மூன்றாவது பைட் 64. பதினாறின் கணக்கில் அது 100, அதாவது 100 சென்டிமீட்டர். உள்ளங்கையைக் குறுக்கே கொண்டு வரவர அந்த எண் இறங்கியது. 32-க்கு வந்தபோது டேப் வைத்து அளந்தேன், 50 சென்டிமீட்டர். சென்சாரில் ஒரு குறையும் இல்லை.

அப்படியானால் கோளாறு நடுவில்தான். டெலிம் போர்ட்டில் முதல் பின் 5 வோல்ட், இரண்டாவது தகவல் அனுப்பும் டிஎக்ஸ், மூன்றாவது ஆர்எக்ஸ், கடைசி கிரவுண்ட். சென்சாரின் பச்சை வயரும் டிஎக்ஸ்தான். அதை நான் இரண்டாவது பின்னில் போட்டிருந்தேன். இருவரும் பேசுகிறார்கள், கேட்க ஆளில்லை. குண்டூசியால் பிளாஸ்டிக் நாக்கைத் தூக்கி இரண்டு வயரையும் இடம் மாற்றினேன். ஒரு நிமிடத்தில் உயரம் வந்துவிட்டது.

இப்போதெல்லாம் எந்த சென்சார் வந்தாலும் முதலில் கன்வெர்ட்டரில் கேட்டுவிட்டுத்தான் போர்டைத் தொடுகிறேன். உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

களக்காட்டிலிருந்து:

அண்ணாச்சி, எனக்கு வயர் சரி, எண்தான் ஏமாற்றியது. வாழைத்தோட்டத்தைப் படம் எடுக்க ஹெச்743 சிப் உள்ள சின்ன போர்டில் டிரோன் ஒன்று கட்டினேன். ஜிபிஎஸை, யூஆர்ட் 2 (யூஆர்ட் என்பது சிப்பின் சீரியல் வழி) என்று அச்சிட்ட இடத்தில் சால்டர் செய்துவிட்டு, சீரியல் 2-க்கு ஜிபிஎஸ் புரோட்டோகாலான 5-ஐக் கொடுத்தேன். சாட்டிலைட் ஒன்றுகூட இல்லை. அந்த போர்டில் யூஆர்ட் 7-தான் சீரியல் 1, யூஆர்ட் 1-தான் சீரியல் 2, யூஆர்ட் 2 போய்ச் சேருவது சீரியல் 3-இல். அச்சிட்டிருப்பது சிப்பின் எண். ஆர்டுபைலட் வைத்திருப்பது தன் வரிசை. சீரியல் 2-ஐப் பழையபடி ஆக்கி, சீரியல் 3-க்கு 5 கொடுத்து மொட்டை மாடியில் வைத்தேன். சாட்டிலைட் ஒவ்வொன்றாக ஏறியது. இப்போது போர்டின் வரிசையைத் தாளில் எழுதி, பெட்டி மூடிக்கு உள்ளே ஒட்டி வைத்திருக்கிறேன்.

பணகுடியிலிருந்து:

காற்றாலை இறக்கையைப் படம் எடுக்கும் டிரோனில் ராஸ்பெர்ரி பை என்ற சின்ன கம்ப்யூட்டரை டெலிம் 2-இல் இணைத்தேன். பையின் 8, 10 பின்கள். இரண்டு பக்கமும் 3.3 வோல்ட், அதனால் நேராகவே கொடுக்கலாம். ஆனால் பை அந்த சீரியலைத் தன் லாகின் கன்சோலுக்கு, அதாவது வெளியிலிருந்து நுழைந்து கட்டளை கொடுக்கும் வழிக்கு, வைத்திருந்தது. ஆன் ஆகும்போது அது தள்ளும் எழுத்தெல்லாம் ஆட்டோபைலட் போர்டுக்குள் போனது. பையின் அமைப்பு மெனுவான ராஸ்பை-கான்ஃபிக்கில் சீரியல் வழி லாகினை நிறுத்தி, சீரியலை மட்டும் விட்டபிறகு, இணைப்பு உயிரோடு இருப்பதைக் காட்டும் ஹார்ட்பீட் தகவல் வந்தது.

அடுத்தது வேகம். ஒரு பைட்டுக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு பிட் சேர்த்து பத்து பிட் போகிறது; 57600-இல் நொடிக்கு 5760 பைட்தான். அது போதாமல் 921600-க்கு ஏற்றினேன், தகவல் பாக்கெட்டுகள் தவறிப்போக ஆரம்பித்தன. சீரியல் வயரை மோட்டார் வயரோடு சேர்த்துக் கட்டியிருந்தேன். பிரித்துத் தனியாக, ஒரு சாண் நீளத்துக்குக் குறைத்ததும் நின்றது.

சேரன்மகாதேவியிலிருந்து:

பாளையங்கோட்டைத் தம்பி சொன்ன டிரோன் என்னுடையதுதான். வாங்கிக்கொண்டு வந்த மறுநாளே உயரம் தாறுமாறாகத் துள்ளியது. திரும்பவும் வயர்தான் என்று நினைத்துத் தம்பிக்கு போன் போட்டேன். “எண் வராமலே போகிறதா, வந்து தப்பாக வருகிறதா அண்ணாச்சி?” என்று கேட்டான். வரப்புக்கு மேலே நிறுத்திப் பார்க்கச் சொன்னான். வரப்பில் சரியாகக் காட்டியது. நடவு வயலில் தண்ணீர் நிற்கும் இடத்துக்கு மேலே போனால் துள்ளியது. பயிர் இன்னும் மூடவில்லை, லைடாரின் ஒளி தண்ணீரில் பட்டு ஒழுங்காகத் திரும்பவில்லை. மருந்துக்கு முன்னால் வயலை வடிப்பது வழக்கம்தானே. மடையைத் திறந்து வடித்துவிட்டு, மறுநாள் காலையில் அதே வயலில் பறக்கவிட்டேன். உயரம் ஆடவே இல்லை.