புதுசா வர்றவங்களுக்கு முதல் வகுப்பு: துக்கமா, அநித்தியமா?

பவானிக்கரை:
கோபியில ஞாயித்துக்கிழமை பௌத்த அறிமுக வகுப்பு ஆரம்பிக்கிறோமுங்க. நாலு வாரம், வாரம் ஒரு மணி நேரம். நான்கு வாய்மையிலதான் தொடங்கணும்ங்கிறது என் கட்சி. துக்கம், அதுக்குக் காரணமான வேட்கை, அது அடங்குறது, அடக்குற எட்டு அங்க வழி. சாரநாத்துல ஐந்து தவசிகளுக்குப் புத்தர் சொன்ன முதல் உரையே இதுதானுங்களே.

நொய்யல்:
அந்த ஐந்து பேர் ஏற்கெனவே துறந்தவங்க. நம்மகிட்ட வர்றது பனியன் கம்பெனி ஷிப்ட் முடிச்சு வர்ற ஆளுங்க. எடுத்த எடுப்புல "பிறப்பு துக்கம், மூப்பு துக்கம்"னா அடுத்த வாரம் யாருங்க வருவாங்க? அதே ஐந்து பேருக்கு அடுத்த உரையில புத்தர் கேட்ட வரிசையைப் பாருங்க. உருவு, அதாவது உடம்பு, நிலையானதா? இல்லை. நிலையில்லாதது துக்கமா, சுகமா? துக்கம். அப்படி மாறுறதை "எனது, நான்"னு கொள்ளலாமா? கூடாது. நுகர்ச்சி (சுக துக்க உணர்வு), குறிப்பு (இன்னதுன்னு அடையாளம் காணுறது), பாவனை (மனசோட முனைப்பு), அறிவு (உணர்ந்தறியறது) நாலுக்கும் இதே கேள்விதான். அநித்தியம், அதாவது எதுவும் நிலைக்காதுங்கிறது, அதுதான் வாசல்.

தென்னந்தோப்பு:
ரெண்டு பேரும் யசனை விட்டுட்டீங்க. வாரணாசிச் செல்வர் மகன் அவர். அவருக்குப் புத்தர் முதல்ல தானம், சீலம், மேலுலகம், அப்புறம் புலனின்பத்தோட கேடு, துறவோட பயன்னு பேசி, மனசு பதமான பிறகே நான்கு வாய்மையைச் சொன்னார். இல்லறத்தாருக்கு இந்த வரிசைதான் பொருந்தும். ஐந்து சீலம் (கொலை, களவு, தவறான காமம், பொய், போதை இதெல்லாம் தவிர்க்கிறது) இல்லாம நேரா துக்கத்துக்குப் போறது அவசரம்.

பவானிக்கரை:
முதல் வாரத்துல சீலத்துக்கு இருபது நிமிசம் தரலாமுங்க. அநித்தியம் மட்டும் போதும்ங்கிறதை ஏத்துக்க மாட்டேன். மஞ்சள் விலை ஏறும், இறங்கும்னு ஈரோட்டு மண்டியில எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சும் ஏன் தூக்கம் கெடுது? ஏறின விலை நிக்கணும்ங்கிற வேட்கை. இங்கேயே துக்கத்தோட மூணு வகையும் இருக்கு. மூட்டை தூக்கி முதுகு வலிக்கிறது நேரடித் துக்கம். ஏறின விலை சரியறப்ப வர்றது மாற்றத்தால வர்ற துக்கம். மூணாவதைத்தான் புதுசா வர்றவங்க தவற விடுவாங்க: விலை நல்லா நிக்கிறப்பவும் வண்டு, ஈரம், குடோன் வாடகைன்னு அதைப் பாதுகாத்துக்கிட்டே இருக்கணும். பல காரணம் கூடி நிக்கிற எதையும் நம்பி மனசு ஓய முடியாது. "எல்லாம் மாறும், விடுங்க"ன்னு முடிச்சா இந்த இடத்தைத் தொடவே மாட்டோம்.

நொய்யல்:
சொன்னா மட்டும் தொட்டுருமாங்க? உக்கார வைக்கணும். பதினஞ்சு நிமிசம் போதும். முதல் அஞ்சு நிமிசம் மூச்சு. அப்புறம் முழங்கால்ல வர்ற வலியை ஒண்ணா பார்க்காம பிரிச்சுப் பார்க்கச் சொல்லணும்: சூடு, இறுக்கம், துடிப்பு. ஒவ்வொண்ணும் கூடிக் குறையும். அதுக்கு மேல "இது போகணும்"ங்கிற வெறுப்பு தனியா நிக்கும். உடம்பு வலி முதல் அம்பு, அதுமேல மனசு படுற வேதனை ரெண்டாவது அம்புன்னு புத்தர் சொன்னது இதைத்தான்.
இதுல ஒரு தப்பு நடக்கும். விஜயமங்கலம் பக்கமெல்லாம் சமணம் வேரூன்றின மண்ணு. உடம்பை வாட்டுறதே தவம்ங்கிற எண்ணம் நம்ம மக்கள்கிட்ட இருக்கு. பல்லைக் கடிச்சு உக்காந்திருப்பாங்க. முதல் உரையிலேயே புத்தர் உடம்பை வதைக்கிறதை மறுத்துட்டார். வலி சுருக்குன்னு குத்தினா, கால் மரத்தா, மாத்தி உக்காரணும்.

கொடுமுடி:
ஒண்ணு சேர்த்துக்குங்க. எழவு கண்ட வீட்டு ஆளு வகுப்புக்கு வந்தா அநித்தியத்தைப் பேசவே கூடாது. குழந்தையைப் பறிகொடுத்த கிசா கோதமிக்குப் புத்தர் உபதேசம் பண்ணலை. சாவு விழாத வீட்டுல கடுகு வாங்கிட்டு வரச் சொன்னார். அப்படி ஒரு வீடே இல்லைன்னு அவ தானா கண்டப்புறம்தான் பேச்சு.

பவானிக்கரை:
சரிங்க. உக்கார்றதை முதல் வாரமே வெச்சுக்கலாம். ஆனா முடிக்கறப்ப "எது நிக்கணும்னு மனசு இழுத்துச்சு?"ன்னு கேக்கணும்.

நொய்யல்:
அதை ரெண்டாவது வாரம் கேளுங்க. முதல் நாளே கேட்டா, பார்த்ததை விட்டுட்டு நீங்க எதிர்பார்க்கிற பதிலைத்தான் சொல்லுவாங்க.