கவுன்சிலர் அறைக் கதவு: திறந்தா, சாத்தியா?

தாமிரபரணி
நேத்து இங்க ஒருத்தர் எழுதின வாக்கியத்தை அப்படியே போடுறேன்: "இல்லத்துப் பையனோட கவுன்சிலர் பேசும்போது கதவு திறந்தே இருக்கணும். சாத்தினா அங்க நடக்கறது கவுன்சிலிங் இல்ல, வேற எதுவோ." யார் எழுதினதுன்னு சொல்ல மாட்டேன். அவருக்கே தெரியும்.

வழக்குல மாட்டின சிறுவர்களை வைக்கிற கூர்நோக்கு இல்லம் ஒண்ணுல ஆறு வருஷம் ஒப்பந்தத்துல ஆற்றுப்படுத்துநரா, அதாவது கவுன்சிலரா, இருந்தவ நான். எனக்குக் கொடுத்த அறை பழைய ஸ்டோர் ரூம். ஒரு பக்கம் அரிசி மூட்டை, மறுபக்கம் உடைஞ்ச பெஞ்சு. வாசலுக்கு நேர் எதிர்ல வார்டன் நாற்காலி. பதினாறு வயசுப் பையன் ஒருத்தன், மூணு வாரமா வாய் திறக்கல. கேரம் போர்டு ஓரத்துல பிளந்து நிக்கிற சிம்பை நகத்தால உரிச்சுக்கிட்டே இருப்பான். வெளிய வார்டன் இடுப்புல சாவிக்கொத்து குலுங்கினா விரல் அப்படியே நின்னுடும். சத்தம் ஓஞ்சதும் மறுபடி உரிப்பான்.

நாலாவது வாரம் வார்டன் லீவு. கதவைச் சாத்தினேன். தாழ் போடல. பத்து நிமிஷம் கழிச்சு, "மிஸ், எங்கம்மா நிஜமாவே பாக்க வந்தாங்களா, இல்ல போலீஸ் சும்மா சொன்னாங்களா?"ன்னு கேட்டான். அவன் என்கிட்ட பேசின முதல் பேச்சு அது. இதுதான் சார் அந்த "வேற எதுவோ".

ஓய்வு_கண்காணிப்பாளர்
பேரைச் சொல்லியே கேக்கலாமே தங்கச்சி. நான்தான் எழுதினேன், இப்பவும் அதையேதான் சொல்றேன். 31 வருஷ சர்வீஸ். கதவு திறந்திருக்கணும்.

கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா 2022 டிசம்பர் 31 செங்கல்பட்டு ஞாபகம் இருக்கா? அரசு கூர்நோக்கு இல்லத்துல 17 வயசுப் பையன் செத்தான். பணியாளர்கள் கைதானாங்க. முன்னாள் நீதிபதி சந்துரு தலைமையில ஒரு நபர் குழு போட்டாங்க. நாலு சுவத்துக்குள்ள யாரும் பார்க்காம நடக்கறது எங்க போய் முடியும்னு அதுக்கப்புறமும் சொல்லித் தரணுமா?

தாமிரபரணி
முதல்ல, நான் உங்க தங்கச்சி இல்ல.

அடுத்து, செங்கல்பட்டுல கைதானவங்கள்ல ஆற்றுப்படுத்துநர் யாராவது இருந்தாங்களா? அடிச்சதா வழக்கு யார் மேல? சாவி யார் கையில இருந்துச்சோ அவங்க மேல. அதைக் கொண்டுவந்து என் கதவுல ஒட்டறீங்களே, அடேங்கப்பா!

விளக்கம்_தேவை
இடையில வர்றதுக்கு மன்னிக்கணும். எந்த இல்லத்தைப் பத்திப் பேசறோம்? கூர்நோக்கு இல்லம்னா விசாரணை முடியறவரைக்கும். சிறப்பு இல்லம்னா, சிறார் வழக்கை விசாரிக்கிற இளைஞர் நீதிக் குழுமம் உத்தரவு போட்டு மூணு வருஷம் வரைக்கும் இருக்கலாம். பராமரிப்பு தேவைப்படற பிள்ளைகளைக் குழந்தைகள் நலக் குழு அனுப்புற குழந்தைகள் இல்லம் முற்றிலும் வேற. ஒவ்வொண்ணுலயும் கவுன்சிலிங்னா என்னன்னே மாறும். அதை முடிவு பண்ணிட்டுக் கதவுக்கு வரலாமே?

ஓய்வு_கண்காணிப்பாளர்
எந்த இல்லமா இருந்தா என்ன? கதவு கதவுதான்.

தாமிரபரணி
அதேதான். எந்த இல்லமா இருந்தாலும் சாத்தின கதவு வேணும்.

ராயபுரம்_ராஜா
தலைப்பைப் பார்த்துட்டு எங்க வார்டு கவுன்சிலர் வீட்டுக் கதவைப் பத்தின்னு நினைச்சு ஓடி வந்தேன். அது எலக்‌ஷனுக்கு முன்னாடி திறந்திருக்கும், அப்புறம் சாத்திக்கும். விவாதம் முடிஞ்சது.

வன்னியான்
அதுதானே, ஏன் "கவுன்சிலர்" எண்டு எழுதுறீங்கள்? எங்கட பக்கம் உளவளத்துணையாளர் எண்டு வடிவான சொல் இருக்கு. நன்னடத்தைத் திணைக்களத்தில வேலை செய்யிற ஆக்கள் எல்லாரும் அதைத்தான் பாவிக்கினம். உங்கட "ஆற்றுப்படுத்துநர்" எண்டதைக் கேட்டால் ஆத்தில தண்ணி திருப்புற ஆள் மாதிரிக் கிடக்கு.

புலவர்_பேட்டை
வன்னியாருக்கு வணக்கம். ஆறு என்றால் வழி. பரிசு பெற்று வந்த பாணன், வறுமையில் வாடும் இன்னொரு பாணனுக்கு வள்ளலின் ஊர் வழியைச் சொல்வது ஆற்றுப்படை. தான் நடந்த பாதையைப் பிறனுக்குக் காட்டுவது. மனநலத் துறைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் வேறு எங்கு கிடைக்கும்? தண்ணீர் திருப்புவதாம்!

வன்னியான்
ஐயா, வள்ளலிட்டப் போனால் பரிசு கிடைக்கும். இந்தப் பெடியளுக்கு அங்க என்ன கிடைக்குது? அடிதானே.

புலவர்_பேட்டை
சொல்லைப் பற்றிப் பேசினேன். சோற்றைப் பற்றி அல்ல.

தாமிரபரணி
ரெண்டு பேரும் தனியா ஒரு திரி போட்டுக்கங்க, கும்பிடறேன். கதவுக்கு வருவோம்.

சட்டமே என் பக்கம்தான். 2015 இளைஞர் நீதிச் சட்டம், 3-ஆம் பிரிவு, பதினாறு கொள்கை. அதுல ஒண்ணு அந்தரங்கத்துக்கும் ரகசியத்துக்கும் பிள்ளைக்கு உரிமை. வார்டன் காதுல விழற மாதிரி பேச வைக்கிறதுக்குப் பேர் அந்தரங்கமா?

ஓய்வு_கண்காணிப்பாளர்
அதே 3-ஆம் பிரிவுல பாதுகாப்புக் கொள்கைன்னும் ஒண்ணு இருக்கு. பட்டியல்ல உங்க அந்தரங்கத்துக்கு முன்னாடியே வருது. அதைப் படிக்காம தாண்டிட்டீங்க போல. நாங்க சட்டப் புத்தகத்தைத் தலைகாணியா வெச்சுத் தூங்கினவங்கன்னு நினைச்சீங்களா?

இன்னொண்ணு. குழந்தைகள் மேல நடக்கற பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டம், 19-ஆம் பிரிவு. அப்படி ஒண்ணு நடந்தது தெரிஞ்சா போலீசுக்குச் சொல்லியே ஆகணும். சொல்லலைன்னா 21-ல தண்டனை. நிறுவனத் தலைவருக்கு ஒரு வருஷம் வரைக்கும். அந்த ஒரு வருஷம் உங்களுக்கு இல்ல, எனக்கு. உள்ள என்ன பேசறீங்கன்னு எனக்குத் தெரிய வேண்டாமா?

தாமிரபரணி
தெரிய வேண்டியது தெரிய வரும். முதல் நாளே ஒவ்வொரு பையன்கிட்டயும் சொல்லிடுவேன்: "உன்னை யாராவது தொந்தரவு பண்ணியிருந்தாலும், உன்னை நீயே ஏதாவது பண்ணிக்கப் போறேன்னாலும், இன்னொருத்தனைப் பண்ணப் போறேன்னாலும் என்னால மறைக்க முடியாது. மத்ததெல்லாம் நமக்குள்ள." இதைப் புரிஞ்சுக்கிட்டுத்தான் பேசுவாங்க. தொந்தரவு பண்ற ஆளே வாசல்ல உட்கார்ந்திருந்தா உங்க 19-ஆம் பிரிவுக்குத் தகவல் எங்கிருந்து வரும்? கதவைத் திறந்து வெச்சா நீங்க தப்பிப்பீங்க. பையன் தப்பிக்க மாட்டான்.

கிளினிக்கல்_கார்த்தி
பொதுவாக ஒன்று. எம்எஸ்டபிள்யூ, அதாவது சமூகப்பணி முதுகலை, முடித்தவர்கள் செய்வது தெரபியே அல்ல. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு வேண்டும், அதற்கு 1992 சட்டமே இருக்கிறது. பதிவு இல்லாதவர் கதவைத் திறந்து வைத்தால் என்ன, மூடி வைத்தால் என்ன?

தாமிரபரணி
வாங்க டாக்டர் சார், உங்களைத்தான் காணோமேன்னு பார்த்தேன். 16 வயசுக்கு மேல கொடுங்குற்றம்னா பெரியவனா வெச்சு விசாரிக்கலாமான்னு 15-ஆம் பிரிவுல முதல்நிலை மதிப்பீடு செய்யறாங்களே, அதுல குழுமம் யார் உதவியைக் கேக்கலாம்னு இருக்கு? உளவியலாளர், உளசமூகப் பணியாளர். ரெண்டையும் எழுதியிருக்கு. நான் ரெண்டாவது. தெரபிங்கற வார்த்தை உங்களுக்குப் பட்டா போட்டுக் கொடுத்ததுன்னா நீங்களே வெச்சுக்கங்க. இல்லத்துக்கு வாரம் ஒரு நாள் வாங்கன்னு உங்களை மாதிரி நாலு பேரைக் கூப்பிட்டேன். ஒருத்தர் ஏசி இருக்கான்னு கேட்டார்.

கிளினிக்கல்_கார்த்தி
தனிப்பட்ட தாக்குதல். போன மாதமும் மாத்திரை பற்றிய திரியில் இதையேதான் செய்தீர்கள்.

தாமிரபரணி
போன மாசம் நீங்க பாதியில ஓடினீங்க. தாக்குதல் தேவையே படல.

ராயபுரம்_ராஜா
எதுக்கு இவ்ளோ பேச்சு? குற்றவாளிப் பசங்களுக்குக் கவுன்சிலிங்கு, கேரம் போர்டு, கதவு வேற. எங்க காலத்துல முட்டி போட வெச்சாங்க, திருந்திட்டோம்.

ஓய்வு_கண்காணிப்பாளர்
தம்பி, அந்த வார்த்தை வேண்டாம். "குற்றவாளி"ன்னு சொல்லக்கூடாது. சட்டத்துக்கு முரண்பட்ட சிறார். அதுவும் அதே 3-ஆம் பிரிவுதான். விசாரணையே முடிஞ்சிருக்காது.

தாமிரபரணி
அதை மட்டும் சரியாச் சொன்னீங்க சார். மத்தது எல்லாம் தப்பு.

வன்னியான்
நான் ஒண்டு சொல்லட்டோ? நான் வேலை செய்த இடத்தில கதவில ஒரு சதுரக் கண்ணாடி போட்டிருந்தவை. வெளியில நிக்கிறவருக்கு ஆள் தெரியும், கதை கேக்காது. பிரச்சினை முடிஞ்சுது.

ஓய்வு_கண்காணிப்பாளர்
கண்ணாடியா? இல்லத்துலயா? கையில கிடைச்சா என்ன பண்ணுவாங்கன்னு தெரியாமப் பேசறீங்க. ட்யூப் லைட்டுக்கே கம்பி வலை போட்டவன் நான்.

தாமிரபரணி
உடையாத அக்ரிலிக் ஷீட் கடையில கிடைக்குது சார். 2019-ல நான் எழுதிக் கொடுத்தேன். ஃபைல் திரும்பி வந்துச்சு, "நிதி இல்லை". அதே மாசம் அலுவலக அறைக்குப் புது சோஃபா. ஆக, கதவு சாத்தியே இருக்கணும், இல்லைன்னா ஷீட் போட்டுச் சாத்தணும். சாத்தறதுல மாத்தம் இல்ல.

ஓய்வு_கண்காணிப்பாளர்
சோஃபா பொதுப்பணித் துறை போட்டது. அது வேற தலைப்பு நிதி. அரசாங்கக் கணக்கு தெரியாம எழுதக்கூடாது. கதவு திறந்தே இருக்கணும்.

விளக்கம்_தேவை
நான் கேட்டதுக்கு யாராவது பதில் சொல்லலாமே? கூர்நோக்கு இல்லத்து விசாரணையை நாலு மாசத்துல முடிக்கணும்னு இருக்கு. பல பையன்கள் அதுக்கு முன்னாடியே ஜாமீன்ல போயிடறாங்க. ரெண்டு வாரம் இருக்கறவனுக்கு எதை தெரபின்னு சொல்றோம்? தாமிரபரணி அக்கா சொன்ன பையன் நாலாவது வாரம்தான் பேசினான். மூணாவது வாரத்துலயே ஜாமீன் கிடைச்சிருந்தா?

தாமிரபரணி
கிடைச்சிருந்தா பேசாமலே போயிருப்பான், ஏன்னா மூணு வாரமும் கதவு திறந்திருந்துச்சு. முதல் நாளே சாத்த விட்டிருந்தா முதல் நாளே பேசியிருப்பான். உங்க கேள்வியும் என் பக்கம்தான் தம்பி.

விளக்கம்_தேவை
நான் யார் பக்கமும் கேக்கல.

ஓய்வு_கண்காணிப்பாளர்
முதல் நாளே பேசியிருப்பானாம். ஜோசியம். அன்னைக்கு அவன் பேசினது கதவு சாத்தினதாலயா, அந்த வார்டன் லீவுல போனதாலயா? அதை யோசிச்சீங்களா?

தாமிரபரணி
யோசிச்சேன். வார்டன் திங்கக்கிழமை திரும்பி வந்தார். கதவைச் சாத்தி வெச்சேன், பையன் பேசினான். புதன்கிழமை நீங்க வகிச்ச மாதிரி ஒரு பதவியில இருந்தவர் வந்து கதவைக் கழட்டி எடுத்துட்டுப் போயிட்டார். நிஜமாவே. கீல் கழட்டி. கரையான் அரிச்சிருக்காம். ஆறு மாசம் திரைச்சீலை போட்டு உட்கார்ந்தேன்.

ராயபுரம்_ராஜா
கதவையே தூக்கிட்டாங்களா! இது நம்ம வார்டை விட மோசம்.

ஓய்வு_கண்காணிப்பாளர்
கரையான் அரிச்சா கழட்டத்தான் செய்வாங்க. இதுல உள்நோக்கம் கற்பிக்கறது உங்க பழக்கம். இரண்டு வருஷம் முன்னாடி இரவுச் சாப்பாடு பத்தின திரியிலயும் இதையேதான் பண்ணீங்க. கடைசியில முட்டைக் கணக்கு சரின்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க.

தாமிரபரணி
நான் ஒத்துக்கிட்டேனா? முட்டையையா? இருங்க, அந்தத் திரியைத் தேடி எடுத்துட்டு வர்றேன்.