மூன்று நூல்களாக நீளும் அறிவியல் புனைவைத் தொடராக்குவது: மூலக்கதையை எவ்வளவு மாற்றலாம்?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை வாசகர்

எங்கள் வாசகசாலை நண்பர்கள் ஐசக் அசிமோவின் ‘ஃபவுண்டேஷன்’ நூல்கள் மூன்றையும் படித்து முடித்த கையோடு, 2021இல் ஆப்பிள் டிவியில் தொடங்கிய தொடரையும் பார்த்தோம். நூலில் மருந்துக்கும் இல்லாத குளோன் பேரரசர்கள் தொடரில் பெரும்பங்கு வகிக்கிறார்கள். மூலத்தில் கைவைக்காமல் இதை எடுக்கவே முடியாதா?

பதில்: குப்பத்துக்காரர்

முடியாது என்றே நினைக்கிறேன். அந்த நூல்களின் பெரும்பகுதி 1942 முதல் 1950 வரை பத்திரிகையில் தனித்தனிக் கதைகளாக வெளிவந்தது. ஒரு கதையின் நாயகர் அடுத்த கதையில் வெறும் பெயராகவே மிஞ்சுவார். மேயர் சால்வர் ஹார்டின் ஆட்சியைக் கைப்பற்றும் இடத்தையே பாருங்கள். பொறுப்பிலிருப்பவர்கள் எல்லோரும் பெட்டகம் எனும் அறையில், பேரரசின் வீழ்ச்சியை முன்கூட்டியே கணித்த கணித அறிஞர் ஹாரி செல்டனின் பதிவு உருவத்தின் முன் அமர்ந்திருக்கையில் வெளியே காரியம் முடிந்துவிடுகிறது, அந்தக் காட்சியை அசிமோவ் எழுதவே இல்லை. படிக்கச் சுவையானதுதான், ஆனால் கேமராவுக்கு அங்கே வேலையில்லை. அதனால்தான் சிறுவன், நடுவயதினன், கிழவன் என்று ஒரே மனிதனின் மூன்று வடிவங்களை அரியணையைச் சுற்றி நிறுத்தி, நூற்றாண்டுகள் கடந்தும் அதே நடிகர்கள் திரும்பி வர வழிசெய்தார்கள். பேரரசு மாற மறுத்தே அழிகிறது என்பதும் அதிலேயே விளங்கிவிடுகிறது. ஹார்டினை உறைநித்திரையில் ஆழ்த்திப் பிற்காலத்துக்கும் இழுத்துக்கொண்டு போனதுதான் எனக்கு ஒட்டவில்லை.

பதில்: மூணாறு வாசகி

சீன எழுத்தாளர் லியு சிசினின் ‘மூன்று உடல்’ அறிவியல் புனைவு நூல்களுக்கும் இதே சிக்கல்தான். வாங் மியாவோ, லுவோ ஜி, செங் ஷின் என்று நூலுக்கு ஒரு நாயகர். 2024இல் வந்த நெட்ஃபிளிக்ஸ் தொடர் அவர்களுக்கு ஈடான பாத்திரங்களை ஆக்ஸ்போர்டில் ஒன்றாகப் படித்த நண்பர்களாக்கி, முதல் பகுதியிலேயே அறிமுகப்படுத்திவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு சீனாவில் வந்த டென்சென்ட் நிறுவனத் தொடரோ முதல் நூலுக்கு மட்டும் 30 பகுதிகள் எடுத்துக்கொண்டது. நெட்ஃபிளிக்ஸின் முதல் பருவத்தில் எட்டுதான். நிதானம் பிடிக்குமென்றால் சீனத் தொடரையே பாருங்கள்.

பதில்: ஷொர்ணூர் தமிழன்

பாலக்காட்டில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா? நம் பகவதி கோயில் கூத்துமாடங்களில் கம்பராமாயணத் தோல்பாவைக்கூத்து 21 இரவுகள்கூட நடக்கிறது. தேங்காய்மூடி விளக்குகளுக்கு முன்னால் பாவை அசையாமல் நிற்க, புலவர் ஒரே பாட்டுக்கு நெடுநேரம் பொருள் சொல்வார். பேச்சையே நிகழ்ச்சியாக ஏற்கும் பார்வையாளர் இருந்தால் அசிமோவையும் உள்ளபடியே எடுக்கலாம்.

பதில்: குப்பத்துக்காரர்

அந்தக் கூத்தை ஆளில்லாவிட்டாலும் பகவதிக்காக நடத்துவார்கள், ஐயா. ஓடிடி நிறுவனத்துக்கு அந்த வசதி இல்லையே.

பதில்: கொழிஞ்சாம்பாறை வாசகர்

அப்படியானால் இரண்டாம் நூலில், செல்டன் கணிக்காத மியூல் என்ற படையெடுப்பாளன் வரும் ‘மியூல்’ பகுதியிலிருந்தே தொடங்கியிருக்கலாம். பேய்ட்டா, டோரன் என்ற தம்பதி அதில் கடைசிவரை வருகிறார்கள். பயணமும் துரத்தலும் இருக்கின்றன.

பதில்: மூணாறு வாசகி

தொடங்கலாம், ஆனால் அதன் அதிர்ச்சி பார்ப்பவரைத் தாக்காது. அந்தப் பகுதியில் செல்டனின் உருவம் பெட்டகத்தில் தோன்றி, நடக்காத ஓர் உள்நாட்டுப் போரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்; வாசலில் மியூலின் படை நிற்கும். அவர் கணிப்பு அதுவரை ஒருமுறையும் பிசகாததைக் கண்டவர்களுக்கே அந்த இடம் திகைப்பைத் தரும்.