ஏலத்தில் விற்றோம், பொருளும் போனது பணமும் போனது: நம் பக்கத்து விற்பனையாளர்களின் அனுபவங்கள்

அரூர் கேமரா:

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இருந்துகொண்டு ஆன்லைன் ஏலத்தில் பொருள் விற்பவர்கள் நம்மில் பலர் இருக்கிறோம். வாங்கி ஏமாந்தவர்களின் கதை எங்கு பார்த்தாலும் கிடைக்கிறது. விற்று ஏமாந்தவர்கள் வாயே திறப்பதில்லை. நான் ஆரம்பிக்கிறேன், நீங்களும் எழுதுங்கள். ஏமாந்தது எந்தத் தளத்தில், எந்தக் கூரியரில் என்று பெயர் போட வேண்டாம். நடந்ததை மட்டும் சொல்லுங்கள்.

நான் விற்பது பழைய ஃபிலிம் கேமரா. அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, ஊத்தங்கரை பக்கம் மூடிவிட்ட ஸ்டுடியோக்களில் கல்யாணமும் காதுகுத்தும் எடுத்த யாஷிகா இரட்டை லென்ஸ் கேமராக்கள் பீரோவுக்குள் கிடக்கின்றன. இங்கே யாரும் அவற்றைச் சீண்டுவதில்லை. ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் அவற்றைத் தேடி வாங்கி ஃபிலிம் போட்டுப் படம் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஸ்டுடியோ வைத்திருந்தவருக்கும் நல்ல விலை கொடுக்க முடிகிறது என்பதால் எனக்கு இந்தத் தொழில் மேல் பிரியம் அதிகம். 2018 ஆகஸ்டில் ஈபே என்கிற ஏல நிறுவனம் தன் இந்தியத் தளத்தை மூடிய பிறகு என்னைப் போன்றவர்கள் நேராக வெளிநாட்டு ஏலத்துக்குத்தான் போக வேண்டியிருக்கிறது.

பழைய கேமரா என்றாலே முதல் கேள்வி, லென்ஸில் பூஞ்சை இருக்கிறதா என்பதுதான். நான் லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் படம் எடுத்துப் போடுவேன். பாடி நம்பர், லென்ஸ் நம்பர் இரண்டும் தெரிகிற மாதிரி தனிப்படம் போடுவேன். பெட்டியில் வைத்து டேப் ஒட்டுகிற வரைக்கும் வீடியோ எடுப்பேன். அப்படி எல்லாம் செய்து அனுப்பிய ஒரு யாஷிகாவுக்குத்தான் இந்தக் கதி வந்தது. அமெரிக்காவில் வாங்கியவர் பார்சல் கிடைத்துக் கொஞ்ச நாள் கழித்து, "லென்ஸ் முழுக்கப் பூஞ்சை, விளம்பரத்தில் சொன்னபடி இல்லை" என்று தளத்தில் புகார் போட்டார். திருப்பி அனுப்பச் சொன்னார்கள், தபால் செலவும் என் தலையில். வந்த பெட்டியைத் திறந்தால் உள்ளே இருந்தது வேறு கேமரா. அதே மாடல், ஆனால் பாடி நம்பர் வேறு, லென்ஸில் நிஜமாகவே பூஞ்சை. தன்னிடம் இருந்த கெட்டுப்போன கேமராவை எனக்கு அனுப்பிவிட்டு என்னுடைய நல்ல கேமராவை வைத்துக்கொண்டார்.

நம்பர் படங்களை அனுப்பினேன், வீடியோ அனுப்பினேன். போலீஸ் புகார் நகல் கேட்டார்கள், ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்து அந்த ரசீதையும் அனுப்பினேன். பார்சல் திரும்பி வந்து சேர்ந்ததாக ட்ராக்கிங் காட்டுகிறது, ஆகவே பணம் வாங்கியவருக்கே என்று முடித்துவிட்டார்கள். பெட்டி வந்ததா என்றுதான் பார்க்கிறார்கள். உள்ளே என்ன வந்தது என்று கேட்க ஆள் இல்லை.

என் மாமா மல்பெரி போட்டுப் பட்டுப்புழு வளர்த்தவர். தர்மபுரி பட்டுக்கூடு அங்காடிக்கு அவருடன் போயிருக்கிறேன். அங்கே கூடு கண்ணெதிரே கொட்டிக் கிடக்கும். ஏலம் கேட்பவர் கையில் அள்ளி, குலுக்கி, காதோரம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் விலை சொல்வார். இங்கே விலை கட்டுப்படியாகவில்லை என்றால் கர்நாடகத்தில் உள்ள ராமநகரத்துக்குக் கொண்டுபோகிறவர்களும் உண்டு. எடை போட்டு முடிந்த பிறகு வீட்டுக்குப் போய், "கூடு சரியில்லை, பணத்தைத் திருப்பிக் கொடு" என்று யாரும் கேட்க முடியாது. ஆன்லைன் ஏலத்தில் வியாபாரம் எப்போது முடிகிறது என்பதே விற்பவருக்குத் தெரிவதில்லை. பேபால் என்கிற பணப் பரிமாற்றச் சேவையில் பணம் வந்தால்கூட 180 நாள் வரைக்கும் வாங்கியவர் தகராறு எழுப்பலாம். அவ்வளவு நாளும் அது நம்முடைய பணம் என்று நிம்மதியாக இருக்க முடியாது. என்னுடைய முதல் மனக்குறை இதுதான்.

ஓசூர் கடிகாரம்:

அண்ணா, உங்கள் கதையைப் படித்து மனசு கஷ்டமாகிவிட்டது. நான் ஓசூரில் கடிகாரத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பழைய எச்.எம்.டி. கைக்கடிகாரங்களைச் சரிசெய்து ஏலத்தில் விடுகிறேன். ஜனதா, பைலட் என்கிற இரண்டு மாடலுக்கும்தான் கேட்பவர்கள் அதிகம். 2016-ல் அந்தக் கம்பெனியின் கடிகாரப் பிரிவை மூட மத்திய அரசு முடிவெடுத்த பிறகு தேடுகிறவர்கள் இன்னும் கூடிவிட்டார்கள்.

எங்கள் பிரச்சினை கொஞ்சம் வேறு மாதிரி. டயலுக்குப் புதுப் பெயின்ட் அடித்து, கிடைத்த பாகத்தை எல்லாம் ஒன்றாக மாட்டி, "ஒரிஜினல்" என்று சிலர் விற்றுவிட்டார்கள். அதனால் இந்தியாவிலிருந்து வரும் கடிகாரம் என்றாலே சந்தேகம். அந்தச் சந்தேகத்தை வைத்தே சிலர் பேரம் பேசுகிறார்கள். ஏலத்தில் ஜெயித்து, பொருள் கைக்குப் போன பிறகு, "டயல் மாற்றியது மாதிரி இருக்கிறது, பாதிப் பணம் கொடுத்தால் புகார் போடமாட்டேன்" என்று செய்தி வரும். அது மிரட்டல்தான், வேறு பெயர் சொல்ல எனக்கு விருப்பமில்லை. திருப்பி அனுப்பு என்று சொன்னால் தபால் செலவு கடிகாரத்தின் விலையைத் தாண்டிவிடும். இது அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

2025 ஆகஸ்டில் நடந்ததையும் சொல்கிறேன். அதுவரை அமெரிக்காவுக்கு 800 டாலருக்குள் போகிற பார்சலுக்கு அங்கே சுங்கவரி கிடையாது. அந்தச் சலுகையை ஆகஸ்ட் 29 முதல் எடுத்துவிட்டார்கள். வரியை யார் எப்படி வசூலிப்பது என்று தெளிவாகாததால் நம் அஞ்சல் துறை ஆகஸ்ட் 25 முதலே அமெரிக்கப் பார்சல்களை வாங்குவதை நிறுத்தியது. மறுபடி தொடங்கியது அக்டோபர் 15-ல். அந்த நேரத்தில் ஏலம் முடிந்து பணம் கட்டப்பட்ட கடிகாரங்கள் என் மேஜையில் இருந்தன. தனியார் கூரியரில் கேட்டால் அவர்கள் சொன்ன தொகைக்கு இன்னொரு கடிகாரமே வாங்கலாம். வாங்கியவர்களுக்கு எழுதிக் கேட்டேன், பாதிப் பேர் காத்திருக்கிறேன் என்றார்கள், அவர்கள் நல்லவர்கள். மீதியை ரத்து செய்தேன். ரத்து செய்தது விற்பவர் என்று என் கணக்கில் கறுப்புப் புள்ளி விழுந்தது. தபால் நின்றது உலகத்துக்கே தெரிந்த விஷயம். தளத்தின் கணக்குக்கு மட்டும் தெரியவில்லை.

பாலக்கோடு இசைத்தட்டு:

சுருக்கமாக ஒன்று. குறைந்த விலையில் ஆரம்பித்து விடும் ஏலத்தில் இதைக் கவனியுங்கள். ஒருவர் சின்னத் தொகை கேட்பார். உடனே இன்னொருவர் யாரும் எட்டாத உயரத்துக்குக் கேட்டுவிடுவார். மற்றவர்கள் "நமக்கு இது ஆகாது" என்று விலகிவிடுவார்கள். முடிகிற நேரத்தில் அந்தப் பெரிய தொகைக்காரர் "தவறுதலாகப் போட்டுவிட்டேன்" என்று கேட்பை வாபஸ் வாங்குவார். சின்னத் தொகைக்காரருக்குப் பொருள் போய்விடும். இரண்டு கணக்கும் ஒரே ஆளுடையது, அல்லது கூட்டாளிகளுடையது. என் இசைத்தட்டுக் கட்டு ஒன்று அப்படித்தான் பாதி விலைக்குக்கூடப் போகாமல் போனது. இப்போதெல்லாம் அடக்க விலைக்குக் கீழே நான் ஆரம்பிப்பதே இல்லை.

போச்சம்பள்ளி தையல்:

அண்ணன்களுக்கு வணக்கம். நான் ஏலத்தில் விற்றதில்லை. பழைய பொருள் விற்கும் செயலி ஒன்றில் என்னுடைய பவர் தையல் மெஷினைப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குக் கொண்டுபோகிற பொருள் இல்லையே அது. போட்ட கொஞ்ச நேரத்திலேயே போன் வந்தது. ராணுவத்தில் இருக்கிறேன், பெங்களூருவில் போஸ்டிங், மெஷினைப் பார்க்கவே வேண்டாம், கேட்ட விலையைத் தருகிறேன் என்றார். அடையாள அட்டைப் படம்கூட அனுப்பினார். அப்புறம் ஒரு க்யூஆர் கோடு வந்தது. "இதை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க மேடம், பணம் உங்களுக்கு வந்துடும்." பணம் வாங்குவதற்கு எதற்கு பின் நம்பர் என்று கேட்டேன். சத்தம் போட்டார், வைத்துவிட்டேன்.

பக்கத்துத் தெரு அண்ணன் மாடு விற்கப் போட்டபோது இதே ஆளோ இதே மாதிரி வேறு ஆளோ அவரிடம் பணத்தைப் பறித்துவிட்டார். அவர் மகள் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்ததால் ஒரு பகுதி அந்தக் கணக்கிலேயே முடக்கப்பட்டது. போன் செய்ய அந்தப் பெண் மறுநாள் வரைக்கும் காத்திருந்தால் அதுவும் கிடைத்திருக்காது. யுபிஐயில் பணம் வாங்க பின் நம்பர் எப்போதும் தேவையில்லை. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இதைத் தயவுசெய்து சொல்லிவையுங்கள்.

கிருஷ்ணகிரி நாணயம்:

அப்பா சேர்த்துவைத்த காசுகள் என்னிடம் இருக்கின்றன. 1792 வரை நம் பாராமகால் பகுதி திப்பு சுல்தான் ஆட்சியில் இருந்ததால், யானை பொறித்த திப்பு காசுகள் இந்தப் பக்கம் இன்னும் பழைய வீடுகளில் கிடைக்கும். வெளிநாட்டு ஏலத்தில் போட்டால் நல்ல விலை போகும் என்று ஒரு இடைத்தரகர் என்னைத் தேடி வந்தார். பார்சலில் "அலங்கார டோக்கன்" என்று எழுதினால் போதும் என்றார்.

செய்யவே கூடாது. 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டைத் தாண்டிய நாணயம் தொல்பொருள். தனியார் யாரும் அதை நாட்டை விட்டு வெளியே அனுப்ப முடியாது, மீறினால் மூன்று வருடம் வரை சிறை. உள்நாட்டில் தொழிலாகவே விற்பதற்கும் உரிமம் வேண்டும். சுங்கத்தில் பிடிபட்டால் தரகர் காணாமல் போய்விடுவார், அனுப்புநர் முகவரியில் இருக்கிற நாம்தான் மாட்டுவோம். அதைவிட முக்கியம், அது நம் மண்ணின் வரலாறு. அப்பா சேர்த்ததை நான் அப்படி அனுப்பமாட்டேன்.

இன்னொன்று கிராமங்களில் பரவிக் கிடக்கிறது. டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டு லட்சக்கணக்கில் விலை போகும் என்று வீடியோ. நோட்டின் படத்தை அனுப்பினால் உடனே "ஏலத்தில் எடுத்துவிட்டார்கள்" என்று பதில் வரும். அப்புறம் பதிவுக் கட்டணம், ஜிஎஸ்டி, ரிசர்வ் வங்கி அனுமதி என்று வரிசையாகப் பணம் கேட்பார்கள். தன் பெயரைச் சொல்லி இப்படிப் பணம் பிடுங்குகிறார்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. காவேரிப்பட்டணம் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு பாட்டி, பேரன் படிப்புக்கு ஆகும் என்று நம்பிக் கட்டினார். அவரிடம் போய் எப்படிச் சொல்வது என்றே எனக்குத் தெரியவில்லை.

அரூர் கேமரா:

எல்லோருக்கும் நன்றி. நாணயம் அண்ணா, அந்தப் பாட்டியை ஒரு முறை 1930-க்குப் பேச வையுங்கள். பணம் திரும்பாவிட்டாலும், ஏமாற்றியவரின் போன் எண் அடுத்தவரைத் தேடிப் போகாமல் இருக்க உதவும்.

கடிகாரம் அண்ணா, கருத்து எழுதுவது பற்றியும் சொல்ல வேண்டும். 2008-ல் இருந்தே ஈபேயில் விற்பவர், வாங்குபவரைப் பற்றி எதிர்மறையாக எழுத முடியாது. விற்பவர்கள் பழிவாங்கினார்கள் என்பதற்காகக் கொண்டுவந்த விதி. காரணம் நியாயமாகவே இருக்கலாம். ஆனால் அதன் பிறகு மோசமான வாங்குபவரை அடையாளம் காண நமக்கு வழியே இல்லாமல் போனது. நமக்குள் இப்படிப் பேசிக்கொள்வதுதான் மிச்சம்.

ஓசூர் கடிகாரம்:

நான் ஏலத்தையே விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். நிலையான விலைக்குப் போட்டு, உள்நாட்டில் மட்டும், தெரிந்தவர் வழியாக விற்றால் போதும்.

அரூர் கேமரா:

எனக்கு அதில் உடன்பாடு இல்லை அண்ணா. உள்நாட்டில் அந்தக் கேமராவுக்கு விலை இல்லை, ஸ்டுடியோக்காரருக்கு நான் என்ன கொடுப்பேன்? இனிமேல் பாடிக்கும் லென்ஸ் வளையத்துக்கும் சேர்த்து, பிரித்தால் கிழிகிற சீல் ஸ்டிக்கர் ஒட்டி, அதைக் கழற்றினால் திரும்ப வாங்கமாட்டேன் என்று விளம்பரத்திலேயே போடப்போகிறேன். தளம் இதை ஏற்குமா என்று கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கே போடுகிறேன்.