"சொய்" என்றுதான் முதலில் பேசினான்

நெல்லை அம்மா:
பையனுக்கு ரெண்டேகால் வயசு வரைக்கும் ஒரு வார்த்தை இல்லை. "அவங்க தாத்தாவே நாலு வயசுலதான் வாயைத் திறந்தாரு"ன்னு மாமியார் சொல்லிச் சொல்லியே ஆறு மாசம் ஓடிப்போச்சு. டாக்டர் முதல்ல காதைத்தான் பார்க்கச் சொன்னார். பெரா டெஸ்ட், காதுல விழுற சத்தம் மூளைக்குப் போய்ச் சேருதான்னு பார்க்கிறது. பிள்ளை தூங்கினாத்தான் எடுக்க முடியும், இவன் தூங்கணுமே! மூணாவது தடவைதான் முடிஞ்சது. காது நல்லா இருந்துச்சு. அப்புறம் ஸ்பீச் தெரபி, வாரம் ரெண்டு நாள், முக்கால் மணி நேரம்.

ஒரு நாள் தெரபிஸ்ட் என்னை அவன்கூட விளையாடச் சொல்லிட்டு ஓரமா உட்கார்ந்தாங்க. நான் கேட்ட கேள்வியை எல்லாம் கோடு போட்டு எண்ணியிருக்காங்க. இது என்ன? என்ன கலர்? மாடு எப்படிக் கத்தும்? அஞ்சு நிமிஷத்துல நாற்பதுக்கு மேல. "அவன் பேச எங்கக்கா இடம் விட்டீங்க?"ன்னாங்க. சுருக்குன்னு இருந்துச்சு. வீட்டுக்கு வந்து அழுதேன்.

கேள்வியை நிறுத்துங்க, செய்யிற வேலையை ரெண்டு ரெண்டு சொல்லா சொல்லுங்க, சொல்லிட்டு அவன் முகத்தைப் பார்த்து மனசுக்குள்ள பத்து எண்ணுங்கன்னு சொல்லிக் கொடுத்தாங்க. பத்து எண்ணுறது எவ்வளவு நேரம்னு அப்பத்தான் தெரிஞ்சது. தோசை சுடும்போது அடுப்புக்கு எட்டாத தூரத்துல நாற்காலி போட்டு உட்கார வைப்பேன். "மாவு... ஊத்து... சொய்ங்!" தினமும் இதே பாட்டு. அப்புறம் கரண்டியைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டுச் சும்மா நிப்பேன். மூணு வாரம் ஒண்ணும் நடக்கலை. ஒரு செவ்வாய்க்கிழமை "சொய்"ன்னான். அன்னைக்குப் பதினோரு தோசை சுட்டேன், தின்ன ஆள் இல்லை.

ஆட்டோ அப்பா:
எங்க பாப்பா 31 வாரத்துல பிறந்தவ. ஒரு வயசாகியும் உட்காரலை. குறைமாசப் பிள்ளைக்கு ரெண்டு வயசு வரைக்கும் அந்த ரெண்டு மாசத்தைக் கழிச்சுத்தான் கணக்குப் பார்க்கணும்னு டாக்டர் சொன்னார். கழிச்சும் பின்தங்கித்தான் இருந்தா. அரசு ஆஸ்பத்திரியில டி.இ.ஐ.சி.ன்னு இருக்கு, வளர்ச்சி பின்தங்கின பிள்ளைகளைச் சீக்கிரமே பார்க்கிற மாவட்ட மையம். அங்க பிசியோ, ஓ.டி. (கை வேலை, அன்றாட வேலை பழக்குற ஆக்குபேஷனல் தெரபி) எல்லாம் இலவசம். பிசியோ முதல் நாளே "பிள்ளையைத் தரையில விடுங்க"ன்னுட்டார். எங்கம்மாவோ இடுப்பை விட்டு இறக்கவே மாட்டாங்க. அதுக்கு நடந்த சண்டையை எழுதினா விடிஞ்சிரும். இப்ப மூணு வயசு, நடக்கிறா. விரலுக்குப் பழக்கம் வரணும்னு முருங்கைக்கீரை ஆயிற வேலை அவளுக்கு. பாதிக் காம்போடதான் வரும், அப்படியே பொரிச்சுச் சாப்பிடுறோம்.

கோவை அத்தை:
அண்ணன் பேத்திக்கு ஆட்டிசம். யு.டி.ஐ.டி.ங்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கினா கல்யாணத்துக்குத் தடையாயிரும்னு வீட்டுல ரெண்டு வருஷம் இழுத்தாங்க. பிள்ளைக்கு வயசு நாலு! 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல இருக்கிற 21 வகைக் குறைபாட்டுல ஆட்டிசமும் ஒண்ணுங்க, கேட்டு வாங்குறதுல என்ன கூச்சம்? மத்திய அரசு நேஷனல் டிரஸ்டோட நிராமயா மருத்துவக் காப்பீடும் இருக்கு. வருஷத்துக்கு 1 லட்சம் வரைக்கும், அதுல தெரபிக்கும் ஒரு பங்கு உண்டு. ரசீதை எல்லாம் பத்திரமா வைங்க.

நெல்லை அம்மா:
ஆட்டோ அண்ணே, உங்க ஊர் டி.இ.ஐ.சி.யில சனிக்கிழமை ஆள் இருப்பாங்களா? எங்க வீட்டுக்காரருக்கு அன்னைக்குத்தான் லீவு. கூட்டிட்டுப் போய் ஒரு தடவை உட்கார வைக்கணும். மனுஷன் இன்னும் பிள்ளையைப் பிடிச்சு வச்சு "இது என்ன கலர்?"னுதான் கேட்டுக்கிட்டு இருக்கார்.