கார்டிசால் 2.4, டி.எஸ்.எச். நார்மல்: கோளாறு பிட்யூட்டரியிலா, அட்ரினலிலா?

ஊதாமூடி:
காலை 8 மணிக்கு எடுத்த ரிப்போர்ட். பெண், வயது 34. கார்டிசால் (சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பியின் ஸ்டீராய்டு ஹார்மோன்) 2.4 மைக்ரோகிராம், சோடியம் 124, பொட்டாசியம் 4.1, டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்ட மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி விடும் ஹார்மோன்) 2.6, ஃப்ரீ டி4 (ரத்தத்தில் உள்ள தைராய்டு ஹார்மோன்) 0.5. ஆறு வருஷத்துக்கு முன் பிரசவத்தில் ஏகப்பட்ட ரத்தப்போக்கு. தாய்ப்பால் சுரக்கவே இல்லை, அதற்குப் பிறகு மாதவிடாயும் இல்லை. சீட்டில் ஹைட்ரோகார்டிசோன் (கார்டிசாலுக்கு மாற்று ஸ்டீராய்டு) மட்டும் இருக்கிறது. தைராக்சின் (தைராய்டு மாத்திரை) அடுத்த வாரம்தான். டி.எஸ்.எச். நார்மல் என்றால் தைராக்சின் எதற்கு? எதற்கு என்றால் இன்றே ஏன் இல்லை? ஃப்ளூட்ரோகார்டிசோனை ஏன் எழுதவில்லை?

உப்புக்கணக்கு:
பால் சுரக்காதது, மாதவிடாய் நின்றது இரண்டையும் சேர்த்தாலே ஷீஹன் நோய் என்று சந்தேகம் வரவேண்டும். கர்ப்பத்தில் பிட்யூட்டரி பெரிதாகும். ரத்தப்போக்கில் பிரஷர் விழுந்தால் அந்தச் சுரப்பிக்கு ரத்தம் போதாமல் திசு செத்துப்போகும். (கண்ணாடி விரியன் கடித்துப் பிழைத்தவர்களிடமும் இதே படம் வரலாம். கடித்த கதையைக் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள்.)

டி.எஸ்.எச். பிட்யூட்டரி போடும் உத்தரவு. மேஸ்திரியே படுத்துக் கிடக்கும்போது அவர் கொடுத்த கணக்கை நம்பமுடியாது. தைராய்டு சுரப்பி கெட்டு டி4 0.5-க்கு இறங்கியிருந்தால் டி.எஸ்.எச். பல மடங்கு எகிறியிருக்கும். இங்கே 2.6 என்பதே கோளாறு. இனி தைராக்சின் அளவையும் ஃப்ரீ டி4 பார்த்துத்தான் கூட்டிக் குறைக்க வேண்டும், டி.எஸ்.எச். பார்த்து அல்ல.

தைராக்சினைத் தள்ளிப்போட்டதுதான் அந்தச் சீட்டிலேயே நல்ல காரியம். தைராக்சின் உடலின் வேகத்தைக் கூட்டும், இருக்கிற கொஞ்சக் கார்டிசாலையும் சீக்கிரம் கரைத்துவிடும். ஸ்டீராய்டு இல்லாமல் அதை ஆரம்பித்தால் பிரஷர் விழுந்து அட்ரினல் நெருக்கடி வரும்.

ஃப்ளூட்ரோகார்டிசோன், உடலில் உப்பைக் காக்கும் அட்ரினல் ஹார்மோனான ஆல்டோஸ்டிரோனுக்கு மாற்று. ஆல்டோஸ்டிரோனை ஆள்வது சிறுநீரகம் விடும் ரெனினும் பொட்டாசியமும்தான், பிட்யூட்டரிக்கு அதில் பெரிய பங்கில்லை. அதனால்தான் பொட்டாசியம் 4.1-லேயே நிற்கிறது. சோடியம் குறைந்தது உப்பு போனதால் அல்ல. கார்டிசால் இல்லாததால் தண்ணீர் வெளியேறாமல் தங்கி, சோடியம் நீர்த்துவிட்டது. ஸ்டீராய்டு போட்டதும் நிற்காமல் சிறுநீர் போகும், சோடியம் வேகமாக ஏறும். 24 மணி நேரத்தில் 8-க்கு மேல் ஏறவிடக் கூடாது. தாவினால் மூளைத்தண்டு பாதிக்கப்படும். முதல் நாள் 4-6 மணிக்கு ஒருமுறை சோடியம் பாருங்கள்.

அட்ரினல்தொப்பி:
எல்லாம் சரி, ஆனா முதல்ல கேக்க வேண்டியது: மூட்டுவலிக்கு, வீசிங்குக்கு, உடம்பு தேறன்னு பேர் தெரியாத பொடி, மாத்திரை, லேகியம் ஏதாவது? அதுல டெக்சாமெத்தசோன்ங்கிற ஸ்டீராய்டு கலந்திருந்தா கார்டிசாலும் குறையும், ஏ.சி.டி.எச்.சும் (அட்ரினலுக்குப் பிட்யூட்டரி போடுற உத்தரவு) குறையும், பிட்யூட்டரி கெட்ட மாதிரியே தெரியும். இன்னொரு ஸ்டீராய்டான பிரெட்னிசோலோன்னா தலைகீழ்: பல லேப் கிட்ல அது கார்டிசாலாவே எண்ணப்பட்டு அளவு பொய்யா கூடும். கருத்தடை மாத்திரையும் கார்டிசால் அளவை ஏத்திக் காட்டும்.

அட்ரினலே கெட்டிருந்தா (அடிசன்) ஏ.சி.டி.எச். எகிறும், பொட்டாசியம் ஏறும், உப்புக்கு நாக்கு அலையும், உடம்பு கருக்கும். நம்ம நிறத்துல கருப்பைக் கண்டுபிடிக்கிறது சிரமம். உள்ளங்கை ரேகை, விரல் மூட்டு, பழைய தழும்பு பாருங்க, பழைய போட்டோவோட ஒப்பிடுங்க. ஈறு மட்டும் கருப்பா இருந்தா அதை வெச்சு முடிவு கட்டாதீங்க, பலருக்கு இயல்பே அதுதான். நம்ம நாட்டுல அடிசனுக்குக் காசநோயும் முக்கியக் காரணம். அங்க ஒரு கண்ணி இருக்கு: காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் ஸ்டீராய்டை வேகமா கரைக்கும், வழக்கமான அளவு பத்தாது.

ஏ.சி.டி.எச். அனுப்பறதா இருந்தா ஊதாமூடி குழாய் (உங்க பேரேதான்!), ஐஸ்ல வெச்சு, உடனே குளிர் சென்ட்ரிஃப்யூஜ். வெளியில கிடந்தா அளவு விழுந்து அடிசனே பிட்யூட்டரி கோளாறா தெரியும்.

ஊதாமூடி:
மருந்துப் பழக்கம் எதுவும் இல்லை. சினாக்தென் ஊசி டெஸ்ட் (அட்ரினலைத் தூண்டிப் பார்ப்பது) தேவையா? ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை எப்போதும் கிடைப்பதில்லையே, பிரெட்னிசோலோன் போதுமா?

உப்புக்கணக்கு:
கார்டிசால் 3-க்குக் கீழே வந்துவிட்டது, இந்தக் கதையோடு சேர்த்தால் டெஸ்ட் தேவையில்லை. 3-க்கும் 15-க்கும் நடுவில் இருந்தால்தான் 250 மைக்ரோகிராம் போட்டு 30, 60 நிமிடத்தில் பார்ப்பார்கள். பிட்யூட்டரி போன முதல் சில வாரங்களில் அது ஏமாற்றும். அட்ரினல் இன்னும் சுருங்கியிருக்காது, நன்றாகவே பதில் சொல்லும்.

ஹைட்ரோகார்டிசோன் என்றால் நாளைக்கு 15-20 மில்லிகிராம்: விழித்ததும் 10, மதியம் 5, தேவைப்பட்டால் மாலை 4 மணிவாக்கில் 2.5-5. அதற்கு மேல் தாமதமானால் தூக்கம் கெடும். கிடைக்காவிட்டால் பிரெட்னிசோலோன் 3-5 மில்லிகிராம் காலையில் ஒரு வேளை. டெக்சா வேண்டாம், நாள்பட எடை, சர்க்கரை, எலும்பு எல்லாவற்றையும் கெடுக்கும். மாற்றுவது டாக்டர் கையில்தான்.

அட்ரினல்தொப்பி:
வீட்ல எழுதி ஒட்ட வேண்டியது: காய்ச்சல் 100.4 தாண்டினா ஹைட்ரோகார்டிசோன் இரட்டிப்பு, 102 தாண்டினா மும்மடங்கு, காய்ச்சல் விடுற வரைக்கும். மாத்திரை போட்டு அரை மணிக்குள்ள வாந்தின்னா திரும்பப் போடணும். அதுவும் நிக்கலைன்னா ஹைட்ரோகார்டிசோன் 100 மில்லிகிராம் தசையில ஊசி, நேரா ஆஸ்பத்திரி. அங்க ஊசியும் சலைன் ட்ரிப்பும் முதல்ல, கார்டிசால் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கக் கூடாது.

ஸ்டீராய்டு ஆரம்பிச்ச பிறகு தாகமும் ராத்திரி முழுக்கச் சிறுநீரும் நிக்காம போச்சுன்னா, சோடியத்தோட சிறுநீர் ஆஸ்மொலாலிட்டியும் (சிறுநீர் எவ்வளவு அடர்த்தின்னு பார்க்கிற டெஸ்ட்) அனுப்புங்க. மறைஞ்சிருந்த டயபடீஸ் இன்சிபிடஸ் (சர்க்கரை நோய் இல்ல, தண்ணியைத் தக்கவைக்கிற ஹார்மோன் இல்லாம சிறுநீர் கொட்டுறது) அப்பத்தான் வெளியில வரும்.