ஏற்காடு தபால் ஆபீஸ் திறந்த வருஷம்: எந்த ஆவணத்தில் தேடுவது?

காப்பித்தோட்டம்:

வணக்கம். ஏற்காடு (636601) தபால் நிலையத்தின் வரலாற்றைப் பள்ளிக் கண்காட்சி ஒன்றுக்காக நான்கு பக்க அளவில் தொகுக்கிறோம். திறந்த வருஷம் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். காக்பர்ன் துரை காப்பி கொண்டுவந்த 1820-களிலேயே தபால் வந்தது என்பது ஒரு கட்சி. சேலத்துக்கு ரயில் வந்த பிறகுதான் என்பது இன்னொரு கட்சி. எழுத்து ஆதாரம் எங்கே கிடைக்கும்? எஸ்டேட் ஒன்றின் பழைய கவர்கள் சில பார்வைக்குக் கிடைக்கும். அவற்றை வைத்து எதையாவது உறுதியாகச் சொல்ல முடியுமா? தபால் துறையில் கேட்டால் தருவார்களா?

சேர்வராயன்:

ஒரே ஒரு வருஷத்தைத் தேடாதீர்கள் சார். மலை ஊர் ஆபீசுக்குக் குறைந்தது நான்கு தேதி இருக்கும்: கடிதம் வந்துபோகத் தொடங்கியது, சோதனை முறையில் ஆபீஸ் திறந்தது, அது நிரந்தரமானது அல்லது கிளையிலிருந்து துணை அஞ்சலகமாக உயர்ந்தது, இப்போதைய கட்டடத்துக்கு வந்தது. ஆளுக்கொரு வருஷம் சொல்வது பெரும்பாலும் இதனால்தான். நான்கையும் தனித்தனியாக எழுதுங்கள். கிடைக்காததைக் காலியாக விடுங்கள்.

காக்பர்ன் சேலம் கலெக்டராக இருந்தது 1820-களில். கிழக்கிந்தியக் கம்பெனித் தபால் அப்போதே உண்டு, சென்னை ஜி.பி.ஓ. (தலைமைத் தபால் ஆபீஸ்) 1786-லேயே தொடங்கியது. ஆனால் துரைக்கு வந்த கடிதத்தைக் கச்சேரி (அரசு அலுவலக) ஆள் மலைக்குத் தூக்கிக்கொண்டு போனால் அது தபால் ஆபீஸ் ஆகாது. முதல் தபால் சட்டம் 1837-இல் வந்தது. 1854 சட்டத்துக்குப் பிறகுதான் நாடு முழுதுக்கும் ஒரே தபால்தலை, தூரம் பாராமல் எடைக்கு மட்டும் கட்டணம் என்று ஆனது. உள்ளூர்க் கச்சேரிக் கடிதங்களுக்கு 'மாவட்டத் தபால்' என்று தனி ஏற்பாடு இருந்து, 1906-இல்தான் அது பொதுத் தபாலோடு முழுதும் கலந்தது. பழைய குறிப்பில் 'தபால்' என்று கண்டால் எந்தத் தபால் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அச்சில் வந்ததை முதலில் முடித்துவிடுங்கள். லெ ஃபனு தொகுத்த சேலம் மாவட்ட மானுவல் (1883, இரண்டு பாகம்), ரிச்சர்ட்ஸின் கெசட்டியர் (1918) ஆகிய இரண்டு மாவட்ட விவர நூல்களிலும் மலையைப் பற்றிய பகுதிகளைப் படியுங்கள். அடுத்து, தபால் துறை அச்சிட்ட அஞ்சலகப் பட்டியல்கள், சென்னையில் வருஷாவருஷம் வந்த அசைலம் பிரஸ் அல்மனாக் என்ற விவரத் தொகுப்பு. இந்தப் பட்டியல்களை அடுத்தடுத்த வருஷமாகப் பார்க்க வேண்டும். ஒரு வருஷப் பட்டியலில் இல்லாத ஊர் அடுத்ததில் இருந்தால், திறப்பு அந்த இடைவெளியில் விழுகிறது. எந்த ஆபீசின் கணக்கில் சேர்ந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், அந்தஸ்து மாறியது அதில் தெரியும்.

கோப்புகளுக்குச் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தோடு நின்றுவிடாதீர்கள். 1854-க்குப் பிறகு தபால் இந்திய அரசின் கையில், அதனால் முக்கியக் கோப்புகள் டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில். அதன் 'அபிலேக் படல்' தளத்தில் வீட்டிலிருந்தே தேடலாம். ஊர்ப் பெயரோடு சேர்வராயன் மலையின் ஆங்கிலப் பெயரை 'ஷெவராய்', 'ஷெர்வராய்' என்ற இரண்டு எழுத்துக்கூட்டலிலும் போட்டுப் பாருங்கள். எழும்பூரில் கேட்க வேண்டியது சேலம் கலெக்டர் அலுவலகப் பதிவுகள்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது: சர்வே ஆஃப் இந்தியா வரைபடம். ஏற்காடு இருப்பது 58 ஐ/1 தாளில். தபால் நிலையம், தந்தி நிலையம், இரண்டும் சேர்ந்தது என மூன்றுக்கும் தனித்தனிச் சுருக்கெழுத்து போட்டிருப்பார்கள். பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சுற்றுக் கிராமங்களின் ஆபீசுகளும் பிடிபடும். அளவெடுத்த வருஷம் தாளின் ஓரத்தில் இருக்கும். பதிப்பு வருஷம் வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள்.

முத்திரைப்பெட்டி:

கவர்களைப் பற்றி நான் சொல்கிறேன். ஒரு முத்திரை காட்டுவது 'இந்தத் தேதியில் ஆபீஸ் இருந்தது' என்பதை மட்டும். அன்றுதான் திறந்தது என்று அதை வைத்துச் சொல்லவே கூடாது.

தேதி தெளிவில்லாவிட்டால் தபால்தலை உதவும். விக்டோரியா ராணி படம் போட்ட தபால்தலையில் 'ஈஸ்ட் இந்தியா' என்று இருந்தால் 1882-க்கு முந்தைய அச்சு, 'இந்தியா' என்று மட்டும் இருந்தால் 1882 முதல் வந்தது (1854-இன் முதல் தலைகள் மட்டும் விதிவிலக்கு, அவற்றிலும் 'இந்தியா' என்றுதான் இருக்கும்). ஏழாம் எட்வர்ட் 1902 முதல், ஐந்தாம் ஜார்ஜ் 1911 முதல், ஆறாம் ஜார்ஜ் 1937 முதல். நயா பைசா என்றால் 1957 ஏப்ரல் முதல். கால் அணா போஸ்ட் கார்டு 1879 ஜூலையில்தான் வந்தது, அதற்கு முந்தைய கார்டு என்று யாராவது காட்டினால் நம்பாதீர்கள். பழைய தலையை மிச்சம் வைத்துப் பின்னாளில் ஒட்டுவதும் உண்டு, ஆகவே தலை காட்டுவது 'இதற்கு முன் இல்லை' என்ற எல்லையை மட்டும்.

முத்திரையில் நாள், மாதம், வருஷ எழுத்துகளைத் தினமும் கையால் மாற்றிப் பொருத்துவார்கள். புத்தாண்டில் வருஷத்தை மாற்ற மறப்பது, எண் தலைகீழாக நிற்பது எல்லாம் சகஜம். ஜனவரி முத்திரை என்றால் இரட்டிப்புக் கவனம் வேண்டும். கவரின் பின்பக்கம் போய்ச் சேர்ந்த ஊரின் முத்திரை இருக்கும். இரண்டு தேதியும் ஒத்துப்போனால்தான் எழுதுங்கள்.

ஸ்கேன் 600 டிபிஐ, இரண்டு பக்கமும், வண்ணத்தில். சிவப்புத் தலைமேல் கறுப்பு முத்திரை படிக்க முடியாவிட்டால், படத்தைத் திருத்தும் மென்பொருளில் சிவப்பு சானலை (சிவப்பு நிற அடுக்கை) மட்டும் தனியாகப் பாருங்கள்: தலை வெளுத்துவிடும், முத்திரை நிற்கும். தலையைக் கவரிலிருந்து வெட்டவோ தண்ணீரில் ஊறவைக்கவோ யாரையும் விடாதீர்கள், வெட்டினால் முகவரியும் பின்பக்க முத்திரையும் போச்சு. லேமினேஷன், செல்லோடேப், பிவிசி உறை மூன்றும் ஆகாது. பாலியெஸ்டர் உறை போதும். ஏற்காட்டு ஈரத்தில் காகிதம் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு, மழை மாதங்களில் அடிக்கடி மாற்றுங்கள்.

கோட்டக்கோப்பு:

துறையில் வாய்வழி கேட்டால் நாள்தான் போகும். தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்க. சேலம் கிழக்கு, மேற்குன்னு ரெண்டு தபால் கோட்டம் இருக்கு. ஆபீஸ் எதில் வருதுன்னு கவுன்டரிலேயே கேட்டுக்கிட்டு அந்தக் கண்காணிப்பாளருக்கு அனுப்புங்க. கட்டணம் 10 ரூபாய், 'அக்கவுன்ட்ஸ் ஆபீசர்' பெயருக்குப் போஸ்டல் ஆர்டர். ஆன்லைனிலும் கட்டலாம். மனு 500 வார்த்தைக்குள் இருக்கணும். 30 நாளில் பதில் வரலைன்னா முதல் மேல்முறையீடு.

மனு வீணாகிற இடம் கேள்வியில்தான். 'எங்கள் தபால் நிலையத்தின் வரலாற்றைத் தரவும்'னு கேட்டா, அப்படி ஒரு ஆவணம் இல்லைன்னு ஒரே வரியில் முடிச்சிடுவாங்க. புதுசா எழுதித் தர அவங்களுக்குக் கடமை இல்லை. ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேட்கணும்: அந்தஸ்து உயர்த்திய ஆணையின் நகல், கட்டட வாடகை ஒப்பந்தம் அல்லது நிலம் வாங்கிய ஆவணம், கைவசமுள்ள மிகப் பழைய ஆய்வறிக்கை, ஆபீசின் ஆர்டர் புக்கில் மிகப் பழைய பக்கம், இந்த ஆபீசின் கீழ் உள்ள கிளை அஞ்சலகங்களின் பட்டியல். நகல் பக்கத்துக்கு 2 ரூபாய். நேரில் பார்வையிடவும் கேளுங்க. முதல் ஒரு மணி நேரம் இலவசம், அப்புறம் மணிக்கு 5 ரூபாய்.

ரொம்பப் பழசை எதிர்பார்க்காதீங்க. பாதுகாக்கும் காலம் முடிஞ்சா பதிவேடுகளைக் கழிச்சிடுவாங்க, அது விதிப்படிதான். கட்டடம், நிலம் சம்பந்தப்பட்ட கோப்புதான் நீண்ட நாள் நிக்கும். நிலத்துக்கு ஏற்காடு தாலுகா ஆபீசில் 'அ' பதிவேட்டையும் (நில விவரப் பதிவேடு) பாருங்க.

காப்பித்தோட்டம்:

மூவருக்கும் மிக்க நன்றி. ஒரு கவரில் ஊர்ப் பெயரே இல்லை, 'எக்ஸ்பெரிமென்டல் பி.ஓ.' என்றும் ஓர் எழுத்தும் எண்ணும் மட்டும் இருக்கின்றன. இது என்ன?

முத்திரைப்பெட்டி:

அதைப் பத்திரமாக வையுங்கள் சார். புதிய ஆபீஸ் செலவுக்கு ஏற்ற வருமானம் தருகிறதா என்று பார்க்கச் சோதனையாகத் திறப்பார்கள், தேறாவிட்டால் மூடுவார்கள். நாளைக்கே மூடக்கூடும் என்பதால் ஊர்ப் பெயர் பொறித்த முத்திரை செய்யாமல் எண் முத்திரை கொடுத்தார்கள். ஓர் ஊரில் மூடிய பின் அதே எண்ணை வேறு ஊருக்கும் கொடுத்திருக்கலாம். எனவே ஏற்காட்டு எஸ்டேட் பெட்டியில் கிடைத்தது என்பதற்காக அது ஏற்காட்டுச் சுற்று முத்திரை ஆகிவிடாது. கவர் அனுப்பியதா, வந்ததா என்று முதலில் பாருங்கள். எஸ்டேட்டுக்கு வந்த கவர் என்றால் அந்த முத்திரை அனுப்பிய ஊருடையது. உள்ளே கடிதம் இருந்தால் தலைப்பில் எழுதிய இடம் எது என்று பார்த்து, வழியில் விழுந்த மற்ற முத்திரைகளோடு சேர்த்து இங்கே படம் போடுங்கள்.